கிடார் சத்தத்தில் குரல் அமுங்குகிறதா?

கிடார் வாசிப்பவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் சத்தத்தை ஏற்றுகிறார், உங்கள் குரல் அமுங்கிப் போகிறது, சொன்னால் முறைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவருடைய ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையில், கால்மாட்டில் இருந்தால் பாதிக் காரணம் அதுதான். கிடாரின் கூர்மையான ஒலி ஸ்பீக்கர் பார்க்கும் திசையில்தான் போகும். எதிரே நிற்கும் உங்களுக்குக் காதைக் கிழிக்கும். மேலே நிற்கும் அவருக்கோ மந்தமாகத்தான் கேட்கும், அதனால் இன்னும் ஏற்றுவார். ஆம்பை ஒரு நாற்காலியில் வைத்து அவர் முகத்தை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பெரும்பாலும் அவரே குறைத்துக்கொள்வார்.

அப்புறம், தயவுசெய்து எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். பாட்டின் நடுவே நிறுத்திச் சொன்னால் யாருக்கும் சுருக்கென்று தைக்கும். தனியாகக் கூப்பிட்டு, "சரணத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, சுருதி விலகுகிறது" என்று சொல்லுங்கள். அது புகார் இல்லை, உதவி கேட்பது. ஒத்திகையைப் போனில் பதிந்து சேர்ந்து கேட்பதும் நல்லது.

அதற்கும் மசியவில்லையா? சரி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை வையுங்கள்: மைக் ஊளையிடாத அளவுக்குக் குரலை முதலில் வைப்பது, டிரம்ஸ் உட்பட மற்றவர்கள் அதற்குக் கீழே வாசிப்பது.