எக்செலில் பல கட்டங்களை ஒரே வரியாகச் சேர்க்கும் டெக்ஸ்ட்ஜாயின் போட்டும் முகவரியில் இரட்டைக் கமா வருகிறதா?

சூத்திரத்தை இப்படி மாற்றுங்கள் (அடிக்கும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்):

=டெக்ஸ்ட்ஜாயின்(", ", ட்ரூ, ட்ரிம்(ஏ2:டி2))

நடுவில் உள்ள ட்ரூ காலிக் கட்டங்களைத் தாண்டிவிடும். அதை ஏற்கெனவே போட்டும் பொள்ளாச்சி வரிசைகளில் கமா அப்படியே நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கட்டங்கள் காலி இல்லை, உள்ளே ஒரு ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கிறது. கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முகவரிகளில் வீட்டுப் பெயர் இருக்கும். நம் பக்கம் கதவு எண்தான். அடித்தவர் வீட்டுப் பெயர்க் கட்டத்தைத் தாண்டும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார். கண்ணுக்குத் தெரியாது, பெரிய தொல்லை. அந்த ஸ்பேஸை நீக்கத்தான் ட்ரிம்.

சந்தேகமிருந்தால் காலியாகத் தெரியும் ஒரு கட்டத்துக்கு =லென்(ஏ7) போட்டுப் பாருங்கள், உள்ளே எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும். 0 வந்தால் உண்மையிலேயே காலி. 1 வந்தால் நான் சொன்னதுதான்.

ட்ரிம் போட்ட பிறகும் கமா போகவில்லையா? இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பட்டியலாக இருக்கலாம். அதில் வருவது வேறு வகை ஸ்பேஸ், ட்ரிம்முக்கு அகப்படாது. ட்ரிம்முக்குள் ஏ2:டி2 என்பதற்குப் பதிலாக சப்ஸ்டிடியூட்(ஏ2:டி2, சார்(160), "") என்று எழுதுங்கள்.

எக்செல் 2019 என்றால் வெறும் என்டர் போதாது, கன்ட்ரோல் ஷிஃப்ட் என்டர் அழுத்த வேண்டும். கூகுள் ஷீட்ஸில் முழுச் சூத்திரத்தையும் அர்ரேஃபார்முலாவுக்குள் போடுங்கள். எக்செல் 2016இல் டெக்ஸ்ட்ஜாயினே கிடையாது, நேம் பிழைதான் வரும். கடையில் பழைய கணினி என்றால் இந்த வேலையை மட்டும் கூகுள் ஷீட்ஸில் முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், லேபிள் அச்சடிக்கும் முன் சேர்த்த பத்தியை மதிப்பாக மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள். மூலக் கட்டங்களை அழித்தால் முகவரியும் போய்விடும்.