ஒன்பது பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை வரலாறு படிக்கிறேன். இரண்டாம் உலகப்போர் பற்றிய கருத்தரங்குக்கு, நாஜிகளிடமிருந்து மறைந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை முதன்மைச் சான்றாக வைத்துக் கட்டுரை எழுத நினைத்தேன். சிறுமியின் நாட்குறிப்பு இலக்கியமாகலாம், சான்றாகாது, அதிலும் ஆன் அதைத் திருத்தி எழுதியவள் என்று என் பேராசிரியர் சொல்கிறார். போருக்குப் பின்னரே பரவிய பால்பாயின்ட் பேனாவில் எழுதப்பட்ட போலி என்றும் இணையத்தில் படித்தேன். வேறு நாட்குறிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அதே போரில் சோவியத் நகரான லெனின்கிராடை ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டதைப் பற்றி நான் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

பால்பாயின்ட் கதையை விட்டுவிடுங்கள். பிற்காலத்தில் தாள்களுக்கு இடையே சேர்ந்துவிட்ட இரண்டு துண்டுச்சீட்டுகளின் மை அது. வரலாறு படிக்கும் ஒருவர் இதைச் சரிபார்க்காமல் எனக்கு எழுதியது வருத்தமளிக்கிறது. ஆன் திருத்தியதும் ரகசியமல்ல. 1944 மார்ச் 28 அன்று, நாடுகடந்த டச்சு அரசின் அமைச்சர் போல்கஸ்டைன் லண்டனிலிருந்து வானொலியில் பேசி, மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போருக்குப் பின் திரட்ட வேண்டும் என்றார். அதைக் கேட்டபின்தான் அவள் தனித்தாள்களில் மீண்டும் எழுதத் தொடங்கினாள். அவளுடைய இரு வடிவங்களையும், தந்தை தொகுத்துப் பதிப்பித்ததையும் அருகருகே வைத்து 1986-இல் ஆய்வுப்பதிப்பே வந்துவிட்டது. எந்த அமைச்சர் தன் நினைவுக்குறிப்புகளின் முதல் வரைவை இப்படிக் காட்டியிருக்கிறார் என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்.

நான் சொல்ல வந்தது அந்த முற்றுகையில் சிக்கிய லெனின்கிராட் சிறுமி தான்யா சாவிச்சேவாவைப் பற்றி. அகரவரிசையில் பக்கங்கள் பிரிக்கப்பட்ட அக்காவின் குறிப்பேட்டில், அந்தந்தப் பெயருக்குரிய எழுத்தின் கீழ், வீட்டில் நேர்ந்த சாவுகளைப் பதினொரு வயதில் அவள் எழுதத் தொடங்கினாள். அக்கா ஷென்யா 1941 டிசம்பர் 28, பகல் பன்னிரண்டு மணிக்கு இறந்தாள். பாட்டி ஜனவரி 25. அண்ணன் லேகா மார்ச் 17, விடிகாலை ஐந்து மணி. பிறகு வாஸ்யா மாமா, லியோஷா மாமா, மே 13 காலை ஏழரைக்கு அம்மா. லியோஷா மாமாவின் பக்கத்திலும் அம்மாவின் பக்கத்திலும் 'இறந்தார்' என்ற சொல்லே இல்லை. பெயரும் நாளும் மணியும் மட்டும்தான். கடைசி மூன்று பக்கங்களில் நாளும் இல்லை: சாவிச்சேவ் குடும்பத்தார் இறந்துவிட்டார்கள், எல்லோரும் இறந்துவிட்டார்கள், தான்யா மட்டும் எஞ்சியிருக்கிறாள்.

இந்த முடிவு தவறு. நீனா என்ற அக்காவும் மிகயீல் என்ற அண்ணனும் உயிரோடு இருந்தார்கள். வேலைக்குப் போன நீனா திரும்பவில்லை. ஆலையோடு நகருக்கு வெளியே, லடோகா ஏரிக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டிருந்தாள் என்பது வீட்டாருக்குத் தெரியாது. மிகயீல் போர் தொடங்கும்போதே ஊரில் இல்லை. இதைக் காட்டி 'பார்த்தாயா, நம்பத்தகாத சாட்சி' என்பவர்கள் குறிப்பேட்டை இன்னொருமுறை புரட்ட வேண்டும். நீனாவுக்கோ மிகயீலுக்கோ அதில் பக்கம் கிடையாது! இறந்துவிட்டார்கள் என்று வீடே நம்பியிருந்தும், தனக்கு நாளும் மணியும் தெரியாத ஒரு சாவைக்கூட அந்தச் சிறுமி தனியாகப் பதியவில்லை. தான் அறிந்ததை ஆறு பக்கங்களில் எழுதினாள். தான் நம்பியதை அவற்றோடு கலக்காமல் மூன்று பக்கங்களில் எழுதினாள். பல போர்க்கால அறிக்கைகளில் இந்த ஒழுங்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முற்றுகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு அவளிடம் போகாதீர்கள். அதற்கு ஆவணக்காப்பகங்கள் இருக்கின்றன. சார்ந்திருப்போருக்கும் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி என்று 1941 நவம்பர் 20 முதல் குறைக்கப்பட்டது ஆணையிலேயே கிடைக்கும். ஆனால் வேலைக்குப் போன மகள் பிழைத்தாளா என்பதைக்கூட வீட்டார் அறிய முடியாதபடி செய்தி அற்றுப்போயிருந்தது என்பதை அந்தத் தவறான வாக்கியம்தான் சொல்கிறது. அதைத் திருத்திவிட்டால் அந்தச் சான்று போய்விடும்.

வேறு நாட்குறிப்பு வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஆன் ஃபிராங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரண்டு வடிவங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.