கார்டு தேய்த்தால் கழிவது யார் பங்கு?

கேள்வி: தேயிலைத்தூள், வர்க்கி, தைலம் விற்கும் சின்னக் கடை என்னுடையது. சீசனில் வெளியூர்க்காரர்கள் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். சில சமயம் முழுப்பணம் வருகிறது, சில சமயம் நூற்றுக்கு 2 ரூபாய்க்கு மேல் கழிகிறது. தூளில் எனக்கு நிற்பதே நூற்றுக்கு 8 ரூபாய். அந்த 2 சதவீதத்தை பில்லில் சேர்த்து வாங்கலாமா?
- வியாபாரி, கோத்தகிரி

பதில்: டெபிட் கார்டு என்றால் கூடாது. எம்.டி.ஆர். எனும் இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு, மெஷின் வாங்கும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களே (யார்தான் படிக்கிறோம்), அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் தடை இருக்கும்.

கழிவு ஏன் மாறுகிறது என்றால், கார்டுகள் ஒன்றல்ல. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கட்டணமே கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு டெபிட் என்றால், 2018 முதல் உள்ள விதிப்படி, முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ள கடைக்கு மெஷினில் அதிகபட்சம் 0.40 சதவீதம், அதற்கு மேல் விற்றால் 0.90. கிரெடிட் கார்டுக்குத்தான் இப்படி உச்சவரம்பு இல்லை, சாதாரணமாக 2 சதவீதத்தை ஒட்டி வரும். 3,000 ரூபாய்க்குத் தேய்த்தால் 60 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10 ரூபாய் 80 காசு, ஆக 70.80 போச்சு. உங்கள் 8 ரூபாய்க் கணக்கில் 240 நிற்க வேண்டிய இடத்தில் 170 கூட நிற்காது.

ஆகவே கார்டை வாங்கியதும் டெபிட்டா கிரெடிட்டா என்று கேளுங்கள், யுபிஐ கியூஆர் அட்டையைக் கல்லாவுக்கு முன்னால் வையுங்கள். அப்புறம் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். சின்னக் கடையை 0.90-ல் போட்டிருந்தால் விற்றுமுதல் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டி மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படிக் கழிகிற பணம் எந்த வங்கிக்குப் போகிறது? என் வங்கியில் கேட்டால் "எங்களுக்கு ஒன்றும் நிற்பதில்லை சார்" என்கிறார்கள், ஆனால் மெஷின் வாடகை மட்டும் மாதாமாதம் விடாமல் பிடிக்கிறார்கள்.
- சாக்லேட் கடைக்காரர், கொடைக்கானல்

பதில்: அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. பெரும்பங்கு உங்கள் வங்கிக்கு வருவதில்லை, கார்டைக் கொடுத்த வாடிக்கையாளரின் வங்கிக்குப் போகிறது. கிரெடிட் கார்டுக்காரர் பணம் கட்ட 45 நாள் வரைகூட ஆகும், உங்களுக்கோ பெரும்பாலும் மறுநாளே வந்துவிடுகிறது. இடைப்பட்ட நாளுக்கு முதல் போட்டது அந்த வங்கி. அவர் கார்டில் சேர்க்கும் பரிசு பாயின்ட், கட்டாமல் ஓடினால் வரும் நஷ்டம், எல்லாம் அதன் பாடு. இரு வங்கிகளையும் இணைக்கும் விசா போன்ற நெட்வொர்க்குக்கு ஒரு துண்டு, மிச்சம்தான் உங்கள் வங்கிக்கு. அதில் மெஷின், சிம், பேப்பர் ரோல், மஞ்சு மூடிய நாளில் சிக்னல் இல்லை என்று நீங்கள் கூப்பிட்டால் வரும் ஆள், இவ்வளவும் அடங்க வேண்டும். ரூபே டெபிட்டில் அந்த மிச்சமும் இல்லை. உங்கள் கரன்ட் அக்கவுன்ட்டில் கிடக்கும் இருப்புதான் அவர்களுக்கு ஆதாயம். அதனால்தான் வாடகையில் கறார்.

ஆனால் வாடகை பேரத்துக்கு உட்பட்டதுதான், இருப்பு நன்றாக இருந்தால் குறைப்பார்கள். மழை மாதங்களில் மெஷின் சும்மா கிடக்கிறது என்று திருப்பிக் கொடுத்தால், ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள், வாடகை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.