ஹார்மோன் செல்லுக்குள் நுழையாமலே எப்படி வேலை செய்கிறது? சதர்லேண்ட் இதை எப்படிக் கண்டுபிடித்தார்?

ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-ல் மருத்துவ நோபல் தனியாகவே கிடைத்தது. 'சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டுபிடித்தவர்' என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். அந்த மூலக்கூறு வழியில் அகப்பட்டதுதான். அட்ரினலின் பட்டதும் கல்லீரல் ஏன் குளுக்கோஸை வெளியே விடுகிறது என்பதே அவர் விடாமல் துரத்திய கேள்வி.

செயின்ட் லூயிஸில் கார்ல் கோரியின் ஆய்வகத்தில் தொடங்கினார். கல்லீரல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் குளுக்கோஸாக மாற மூன்று நொதிகள் வேண்டும். அதில் மிக மெதுவானது பாஸ்போரிலேஸ். ஹார்மோன் வேகப்படுத்துவதும் அதைத்தான் என்று முதலில் உறுதி செய்துகொண்டார். 1953-ல் கிளீவ்லாந்தில் மருந்தியல் துறைத் தலைவரானார். பாஸ்பேட் ஒட்டினால் அந்த நொதி விழிக்கிறது, பாஸ்பேட் கழன்றால் உறங்குகிறது என்பது அங்கே தெளிவானது. அரைத்த திசுவில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியும் இருக்கும். அதைத் தடுக்க ஃப்ளூரைடு சேர்க்காவிட்டால், கிடைத்த செயல்பாடு அளப்பதற்குள் போய்விடும்.

அடுத்ததுதான் என் மதிப்பில் அவருடைய பெரிய துணிச்சல். செல்லை உடைத்தால் ஹார்மோன் வேலை செய்யாது என்று அன்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். சதர்லேண்டும் உடன் ஆய்வு செய்த தியோடர் ராலும் கல்லீரலை அரைத்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யும் மெக்னீசியமும் சேர்த்து, அட்ரினலினையோ குளூக்ககானையோ விட்டார்கள். பாஸ்போரிலேஸ் விழித்தது. மையவிலக்கியில் சுற்றி அடியில் படிந்த துகள்களை, அதாவது உடைந்த செல் சவ்வுத் துண்டுகளை, நீக்கியதும் ஹார்மோனுக்குப் பதில் இல்லை. துகள்களைத் திரும்பச் சேர்த்ததும் வந்தது. இத்தனைக்கும் பாஸ்போரிலேஸ் இருப்பது மேலே நின்ற தெளிநீரில். அதனால் துகள்களை மட்டும் ஹார்மோனோடு வைத்து, அந்த நீரைக் கொதிக்கவிட்டுப் புரதங்களைக் கெடுத்து, மிஞ்சியதைத் தெளிநீரில் சேர்த்தார்கள். ஹார்மோன் பட்ட சவ்வே அங்கு இல்லை, ஆனாலும் நொதி விழித்தது. ஹார்மோன் சவ்வோடு நின்றுவிட, செய்தியை உள்ளே கொண்டுபோவது கொதித்தும் கெடாத அந்தச் சிறு பொருள், அதுதான் சைக்ளிக் ஏ.எம்.பி.

அது என்னவென்று அறிய உயிர்வேதியியலாளர் லியான் ஹெப்பலுக்குச் சதர்லேண்ட் கடிதம் எழுதினார். ஏ.டி.பி.யைப் பேரியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கியபோது கிடைத்த ஒரு விநோதப் பொருளைப் பற்றி வேதியியலாளர் டேவிட் லிப்கினும் ஹெப்பலுக்கே எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றே என்று கண்டுகொண்டவர் ஹெப்பல்.

ஒரு ஹார்மோன் சைக்ளிக் ஏ.எம்.பி. வழியாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்ல சதர்லேண்ட் நான்கு சோதனைகளை வகுத்தார். இன்றும் ஆய்வகங்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

முதலாவது, ஏ.டி.பி.யிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பி.யை உண்டாக்கும் சவ்வு நொதி சைக்ளேஸ். உடைத்த சவ்விலும் அந்த ஹார்மோன் அதைத் தூண்ட வேண்டும். சவ்விலுள்ள மற்ற நொதிகள் ஏ.டி.பி.யைத் தின்றுவிடும், ஏ.டி.பி.யை மீண்டும் உண்டாக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் கிரியேட்டின் கைனேஸும் சேர்த்து அதை ஈடுகட்டாவிட்டால் அளவு பொய்யாகிவிடும். இரண்டாவது, முழுத் திசுவில் சைக்ளிக் ஏ.எம்.பி. விளைவுக்கு முன்பே உயர வேண்டும். திசுவை நொடியில் உறையவைக்காவிட்டால் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். மூன்றாவது, அந்த நொதியைத் தடுக்கும் தியோஃபிலின் போன்றவை ஹார்மோனின் விளைவைக் கூட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: தியோஃபிலினும் காஃபீனும் அடினோசின் ஏற்பிகளையும் அடைக்கும், அதுவும் குறைந்த அளவிலேயே. காபி குடித்தால் வரும் சுறுசுறுப்புக்குக் காரணம் இந்த அடைப்புதான். பாஸ்போடைஎஸ்டரேஸைத் தடுக்க அந்த அளவு போதாது.

நான்காவது, சைக்ளிக் ஏ.எம்.பி.யை வெளியிலிருந்து கொடுத்தாலும் அதே விளைவு வர வேண்டும். அது சவ்வை எளிதில் தாண்டாது. வெளியிலேயே அடினோசினாகச் சிதைந்து வேறு விளைவையும் காட்டும். அதனால் பியூட்டிரேட் ஒட்டி சவ்வைத் தாண்டும்படி மாற்றிய டைபியூட்டிரில் வடிவத்தைப் பயன்படுத்துவார்கள். அதிலிருந்து கழலும் பியூட்டிரேட்டும் செல்லை மாற்றக்கூடியது. பியூட்டிரேட்டை மட்டும் விட்ட ஒப்பீட்டுக் குழாய் இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.

ஃப்ளூரைடு சைக்ளேஸையும் தூண்டுவதை ராலும் சதர்லேண்டும் 1958-லேயே கவனித்துவிட்டார்கள். காரணம் 1982 வரை பிடிபடவில்லை. ராலிடம் பயின்ற ஆல்ஃப்ரெட் கில்மனும் பால் ஸ்டெர்ன்வைஸும் அதைக் கண்டுபிடித்தார்கள்: ஃப்ளூரைடு தனியாக வேலை செய்யவில்லை, கண்ணாடிக் குழாயிலிருந்து கசிந்த அலுமினியத்தோடு சேர்ந்துதான், ஹார்மோன் ஏற்பிக்கும் சைக்ளேஸுக்கும் இடையில் தூது போகும் ஜி-புரதத்தைத் தூண்டியது. இப்போது இந்தச் சோதனையைச் செய்பவர்கள் 10 மில்லிமோலார் சோடியம் ஃப்ளூரைடோடு 10 முதல் 20 மைக்ரோமோலார் அலுமினியம் குளோரைடையும் தாங்களே சேர்த்துவிடுவது வழக்கம்.