மலைக்கிராமத்துக்கு முழு சூரிய மின்சாரம்: பேனல் வாங்கும் முன் ஓடையை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் காட்டுக்குள் இருக்கும் 60 வீட்டு மலைக்கிராமம். மின்கம்பி வரவில்லை. ஆறு வருடம் முன்பு வீட்டுக்கு வீடு சோலார் விளக்கு கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் பேட்டரி எல்லாம் படுத்துவிட்டது. ஓடந்துறை ஊராட்சி சொந்தக் காற்றாலை வைத்திருப்பதையும், டென்மார்க்கில் ஒரு தீவு முழுக்கக் காற்றிலேயே ஓடுவதையும் படித்தேன். நாங்களும் அப்படி மாற முடியுமா? எத்தனை பேனல், எவ்வளவு பேட்டரி வேண்டும்?

பதில்: முடியும். ஆனால் நீங்கள் படித்த இரண்டு ஊர்களின் வழி உங்களுக்குப் பொருந்தாது.

கோவை மாவட்டத்து ஓடந்துறை 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாய்க்கு, பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஓர் ஊராட்சிக்கு அது பெரிய துணிச்சல். எனக்கு அந்த ஊர்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிக்குள் போகிறது. ஊர் தனக்கு வேண்டியதை மின்வாரியக் கம்பியிலிருந்துதான் எடுக்கிறது. டென்மார்க்கின் சாம்சோ தீவும் அப்படித்தான். நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகள். காற்று பலமாக அடித்தால் மிச்சம் கடலடி கேபிளில் வெளியே போகும், காற்று நின்றால் அதே கேபிளில் உள்ளே வரும். வருடக் கணக்கு பார்த்தால்தான் அது நூறு சதவீதம். உங்களுக்கோ கொடுக்கவும் வாங்கவும் கம்பியே இல்லை.

உங்களுக்கு நெருக்கமான ஊர் ஸ்காட்லாந்தின் எய்க் தீவு. சுமார் நூறு பேர் வாழ்கிறார்கள். வெளியிலிருந்து கேபிள் கிடையாது. 2008 பிப்ரவரி வரை பெரும்பாலும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். இப்போது மூன்று ஓடைகளில் நீர்மின்சாரம், நான்கு சின்னக் காற்றாலைகள், சோலார் பேனல்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பேட்டரி அறை. வருடத் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் இதிலேயே கிடைக்கிறது. மீதிக்கு டீசல் ஜெனரேட்டரை இன்னும் வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு. அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தையும் பேட்டரியில் எடுக்கப் போனால், வருடத்தில் சில நாட்களுக்காக மட்டும் பேட்டரியைப் பல மடங்கு பெருக்க வேண்டும்.

எய்க்கில் முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. மீறினால் மின்சாரம் தானே நின்றுவிடும். பணக்கார வீடானாலும் அதே அளவுதான். உங்கள் ஊருக்கு நான் வீட்டுக்கு 750 வாட் சொல்வேன். விளக்கு, ஃபேன், டிவி, மிக்சி எல்லாம் அதற்குள் அடங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு அடங்காது. பதினைந்து வீட்டில் அந்த அடுப்பைச் சேர்ந்தாற்போல் போட்டால் 30 கிலோவாட் ஆகிவிடும், ஊரே இருட்டாகும். இதை ஊர்க்கூட்டத்தில் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் பேனலுக்குக் கொடேஷன் கேட்க வேண்டும்.

இப்போது கணக்கு. 9 வாட் விளக்கு நான்கு, 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை) ஒன்று, டிவி, போன் சார்ஜ், கொஞ்சம் மிக்சி: வீட்டுக்கு ஒரு நாளைக்கு சுமார் 0.7 யூனிட். 60 வீட்டுக்கு 42. தெருவிளக்கு, அங்கன்வாடி, தண்ணீர் மோட்டார் சேர்த்தால் 50 யூனிட். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக 4 யூனிட் தரும். பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போகிற இழப்பு போக 3 என்று வையுங்கள். அப்படியானால் 17 கிலோவாட். ஆனால் மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் அது வெகுவாகக் குறையும், அதனால் 25 முதல் 30 கிலோவாட் தேவைப்படும். இரவுக்கு மட்டும் 35 யூனிட் என்றால், முழுக்க வடிய விடாமல் இரண்டு இரவு தாங்க லித்தியம் பேட்டரி 90 யூனிட் அளவுக்கு வேண்டும்.

இங்கேதான் ஓடை வருகிறது. மலையில் வெயில் குறையும் மாதத்தில்தான் ஓடை நிறையும். நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம் (தண்ணீர் இறங்கும் செங்குத்து உயரம்), இரண்டையும் பெருக்கி ஐந்தால் பெருக்கினால் தோராயமாக வாட் கிடைக்கும். நொடிக்கு 10 லிட்டர், 30 மீட்டர் இறக்கம் என்றால் 1,500 வாட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது இரவு பகல் ஓடும். ஒரு நாளைக்கு 36 யூனிட்! அப்படி ஓர் ஓடை இருந்தால் 15 கிலோவாட் பேனலும் பாதி பேட்டரியும் போதும். தண்ணீர் மோட்டாரை மட்டும் நடுப்பகலில் ஓட்டுங்கள்.

பழைய பேட்டரி ஏன் படுத்தது? நான் பார்த்த ஊர்களில் பெரும்பாலும் ஒரே கதை. ஆசிட் பேட்டரியை பாதிக்கு மேல் தினமும் வடிய விட்டால் ஆயுள் வேகமாகக் குறையும். அது வடிந்ததும், பேட்டரியைக் காக்கும் கருவியான கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்திவிடும். அவசரத்துக்கு யாராவது வயரை நேரே பேட்டரியில் மாட்டிவிடுவார்கள். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றவும் ஆள் இருக்காது. மக்களைக் குறை சொல்லவில்லை. பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் அந்தத் திட்டத்திலேயே கிடையாது. அதனால் ஊரில் இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி, மாதச் சம்பளம், பிரீபெய்ட் மீட்டர் மூன்றும் வேண்டும். அப்புறம் அடுத்த பேட்டரிக்கான பணம். உதாரணத்துக்கு அது 12 லட்சம், பத்து வருடம் உழைக்கும் என்றால், வீட்டுக்கு மாதம் 167 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட வேண்டும்.

காட்டு நிலம் என்பதால் தயங்காதீர்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை மரபுசாரா எரிசக்திக்கும், மின்கம்பிக்கும்கூட, ஒதுக்க வழி இருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. நாளைக்குக் கம்பி வந்தாலும் வரலாம், அதனால் மின்வாரியக் கம்பியோடு இணையக்கூடிய இன்வெர்ட்டராகவே கேளுங்கள்.

இந்தக் கோடையில், தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் வாரத்தில், ஓடையை ஒரு குழாயில் திருப்பி 200 லிட்டர் டிரம்மில் விட்டு எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். மழை வந்த பிறகு இன்னொரு தடவை. இறக்கத்தையும் அளந்து எழுதுங்கள். பேனல் கணக்கைத் திருத்தி அனுப்புகிறேன்.