பாக்கெட் மணி எவ்வளவு தரலாம்? வீட்டு வேலைக்குக் கூலியாகத் தரலாமா?

8 வயதுப் பிள்ளைக்கு வாரம் எவ்வளவு தருவது, வீட்டு வேலை செய்தால்தான் காசு என்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொகையை அப்புறம் பார்க்கலாம். அந்தக் காசில் பிள்ளை எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நச்சரிப்பு தாங்காமல் நீங்கள் வாங்கிக் கொடுக்கும் தின்பண்டம், ஸ்டிக்கர், குட்டிப் பொம்மை எல்லாவற்றையும் 4 வாரம் குறித்து வையுங்கள். மொத்தத்தை 4ஆல் வகுத்தால் வாரத் தொகை கிடைத்துவிடும். உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. நோட்டு, பென்சில், துணி, மருந்து வழக்கம்போல உங்கள் பொறுப்பு.

குறித்த கிழமையில், கேட்காமலே கொடுங்கள். கேட்டால்தான் வரும் என்றால் பிள்ளை திட்டமிடாது, கேட்கத்தான் பழகும். 20 தருவதென்றால் ஒரே நோட்டாக வேண்டாம், சில்லறையாகக் கொடுங்கள். அப்போதுதான் 15 செலவுக்கு, 5 சேமிப்புக்கு என்று பிரிக்க முடியும். மண் உண்டியலைவிட கண்ணாடி பாட்டில் மேல், ஏறுவது கண்ணில் படும். முதல் இலக்கு 3, 4 வாரத்தில் எட்டக்கூடிய பொருளாக இருக்கட்டும். 6 மாதம் சேர்த்து சைக்கிள் என்பது இந்த வயதுக்கு ரொம்பத் தூரம். பாதியிலேயே பாட்டில் காலியாகிவிடும்.

பெரும்பாலும் சறுக்குவது பெற்றோர்தான். சனிக்கிழமை கொடுத்தது திங்களே தீர்ந்திருக்கும். புதன்கிழமை பிள்ளை வந்து நிற்கும். கேட்பது அழிரப்பர் என்றால் வாங்கிக் கொடுங்கள், அது உங்கள் பட்டியல். மினுமினு ஸ்டிக்கர் என்றால் "சனிக்கிழமை பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதே சொன்னேனே என்ற பாட்டு வேண்டாம். மனமிரங்கி ஒரு தடவை நிரப்பினால், காசு தீர்ந்தாலும் வரும் என்பதுதான் பிள்ளை மனதில் நிற்கும். உருப்படாத பொருளை வாங்கினாலும் தடுக்காதீர்கள். மறுநாளே அது உடைந்து போனால், அந்தப் பாடத்தைக் கற்க இந்தச் சின்னத் தொகைதான் சரியான இடம்.

கடன் கேட்டால் ஒரு வாரத் தொகைக்கு மேல் வேண்டாம். எழுதி வைத்து, அடுத்த 2 வாரத்தில் பாதிப் பாதியாகக் கழியுங்கள்.

படுக்கையை மடிப்பது, தட்டைக் கழுவுவது போன்ற தினசரி வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால், "இந்த வாரம் காசு வேண்டாம், வேலையும் செய்யமாட்டேன்" என்று பிள்ளை சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்காது. பழைய செய்தித்தாள்களை அடுக்கிக் கட்டுவது, வண்டி கழுவுவது போன்ற எப்போதாவது வரும் வேலைக்குத் தனிக்கூலி பேசலாம். தொகையை வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். மதிப்பெண்ணுக்குக் காசு என்ற பேச்சே வேண்டாம்.

12 வயதுவாக்கில் 2 வாரத்துக்கு ஒருமுறை, அது பழகியதும் மாதத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியை நீட்டுங்கள். கூடவே ஒரு செலவையும் ஒப்படையுங்கள். நண்பர்களின் பிறந்தநாள் பரிசில் தொடங்கலாம், அதற்கான தொகையைச் சேர்த்தே கொடுத்து.