ஆர் கிராஃபிக்ஸ் பேக்கேஜ்கள்: லைப்ரரி மோதல் கேள்வி-பதில்

கே: ஆர் மொழியில் படங்களைக் கோப்பாகச் சேமிக்கும் ராக் பேக்கேஜை நிறுவினால் கடைசியில் ‘நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று வருகிறது. என்ன செய்ய?

நிறுவல் தோற்றது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. காரணம் அதற்கு இருபது, முப்பது வரி மேலே கிடக்கும். ‘எரர்’ என்று முதலில் வரும் இடத்தை அனுப்புங்கள். கூடவே செஷன்இன்ஃபோ கட்டளை தருவதை முழுதாக ஒட்டுங்கள். ஆர் பதிப்பும் இயங்குதளமும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இதை எத்தனை முறை எழுதினாலும் ஒற்றை வரிக் கடிதங்கள்தான் வருகின்றன.

கே: எழுத்துகளைக் கோக்கும் டெக்ஸ்ட்ஷேப்பிங் பேக்கேஜ், தனக்குத் தேவையான ‘ஹார்ஃப்பஸ்’ லைப்ரரி இல்லை என்கிறது. உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கிறதே?

இருப்பது ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய (மூல நிரலை இயங்கும் கோப்பாக்க) தேவையான ஹெடர் கோப்புகள் ‘-டெவ்’ என்று முடியும் தனி பேக்கேஜில் வரும். லிப்ஹார்ஃப்பஸ்-டெவ், லிப்ஃப்ரிபிடி-டெவ், லிப்ஃப்ரீடைப்-டெவ், லிப்ஃபான்ட்கான்ஃபிக்1-டெவ் நான்கையும் ஏப்ட் என்ற நிறுவல் கட்டளை மூலம் போடுங்கள். அடுத்து ராக் வேண்டுமென்றால் லிப்பிஎன்ஜி, லிப்டிஃப், லிப்ஜேபெக், புதிய பதிப்புகளுக்கு லிப்வெப்பி ஆகியவற்றின் ‘-டெவ்’களும் தேவை. ஃபெடோராவில் ‘-டெவெல்’ என்று தேடுங்கள்.

கே: விண்டோஸில் ஜிஜிபிளாட்2 என்ற வரைபடப் பேக்கேஜ் ஏறவில்லை. அதற்குத் தேவையான ஆர்லாங் பேக்கேஜைக் காட்டி, ‘ஆர்லாங்கின் பழைய பதிப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது’ என்கிறது.

திறந்திருக்கும் ஏதோ ஒரு செஷன் பழைய லைப்ரரிக் கோப்பை (டிஎல்எல்) பிடித்துக்கொண்டிருக்கிறது. பயன்பாட்டில் உள்ள கோப்பை மாற்ற விண்டோஸ் விடாது. ஆர்ஸ்டுடியோ உட்பட எல்லாவற்றையும் மூடுங்கள். வெறும் ஆர்-ஐத் திறந்து முதலில் ஆர்லாங், பிறகு ஜிஜிபிளாட்2 என்று நிறுவுங்கள். லைப்ரரி கோப்புறையில் ‘00லாக்’ என்று தொடங்கும் கோப்புறை கிடந்தால் அழித்துவிடுங்கள். சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யவா என்று ஆர் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். கட்டாயம் செய்தே ஆகவேண்டும் என்றால் ஆர் 4.4-க்கு ஆர்டூல்ஸ்44 என்ற கம்பைல் கருவித் தொகுப்பு, வேறு எண் உதவாது.

கே: உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாறினேன். ராக் ‘லிப்டிஃப்.எஸ்ஓ.5-ஐத் திறக்க முடியவில்லை’ என்றது. லிப்டிஃப்.எஸ்ஓ.6-க்கு அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போட்டேன், சரியாகிவிட்டது. மற்றவர்களுக்கும் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். போட்டதையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

லைப்ரரிக் கோப்பின் பெயரில் எஸ்ஓ-வுக்குப் பின்னால் இருக்கும் எண் ஒரு வாக்குறுதி. பழைய நிரல்கள் நம்பியிருந்த ஒரு ஃபங்ஷனோ, ஒரு ஸ்ட்ரக்சரின் (தரவுக் கட்டமைப்பின்) அமைப்போ இனி அப்படியே இருக்காது என்று அறிவிக்கத்தான் அந்த எண்ணை மாற்றுகிறார்கள். அந்த அறிவிப்பைத்தான் சிம்லிங்க் மறைக்கிறது. பேக்கேஜ் ஏறிவிட்டது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. ஏற்றும்போது ஃபங்ஷன்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கப்படும். இல்லாத ஃபங்ஷன் என்றால் ஏற்றும்போதே பிழை வரும். வந்தால் தப்பித்தீர்கள். ஸ்ட்ரக்சர் மாறியிருந்தால் தவறான இடத்தில் எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் படம் ஆய்வுக் கட்டுரைக்குள் போய்ச் சேரும். போதாக்குறைக்கு, சிஸ்டம் கோப்புறையில் போட்ட சிம்லிங்க் ராக்கோடு நிற்காது. லிப்டிஃப் 5 கேட்கும் எல்லா மென்பொருளையும் ஏமாற்றும்.

சரியான வழி பத்து நிமிட வேலைதான். சிம்லிங்கை அழித்து, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். லிப்டிஃப்-டெவ் போட்டுவிட்டு ராக்-ஐ சோர்ஸிலிருந்து மறுபடி நிறுவுங்கள். பிறகு ராக்-இன் ‘லிப்ஸ்’ கோப்புறையில் உள்ள எஸ்ஓ கோப்பின் மேல் எல்டிடி (ஒரு கோப்புக்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் கட்டளை) ஓட்டி, ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரியும் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். போசிட் பேக்கேஜ் மேனேஜர் தளத்திலிருந்து பைனரி (ஏற்கெனவே கம்பைல் செய்த கோப்பு) எடுப்பவர்கள் முகவரியைப் பாருங்கள். அதில் ‘ஜாமி’ என்று இருந்தால் 22.04-க்கானது. ‘நோபிள்’ என்று மாற்றாதவரை எத்தனை முறை நிறுவினாலும் லிப்டிஃப் 5 தேடும் அதே கோப்புதான் வந்து இறங்கும். கம்பைல் செய்த மற்ற பேக்கேஜ்களையும் இதே எல்டிடி-யால் சோதித்துவிடுங்கள்.

கே: உபுண்டு 20.04-இல் பேக்கேஜை ஏற்றினால் ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.29 கிடைக்கவில்லை’ என்று வருகிறது. தனிச் சூழலில் மென்பொருள் நிறுவும் காண்டாவும் வைத்திருக்கிறேன்.

காண்டா சூழலுக்குள் கம்பைல் செய்துவிட்டு வெளியே ஓட்டுகிறீர்கள். சி++ லைப்ரரியின் 3.4.29 என்ற எண் ஜிசிசி 11 கம்பைலருடன் வந்தது, உபுண்டு 20.04 தருவது 3.4.28 வரைதான். காண்டாவின் ஆர் என்றால் பேக்கேஜையும் காண்டா-ஃபோர்ஜிலிருந்தே எடுங்கள். கணினியின் ஆர் என்றால் காண்டாவை டீஆக்டிவேட் செய்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்-ஐ பாஷ்ஆர்சி அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். மேலே சிம்லிங்குக்குச் சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

கே: ஆர்-ஐப் புதுப்பித்ததும் ‘கிராஃபிக்ஸ் ஏபிஐ வெர்ஷன் மிஸ்மேட்ச்’.

ஆர் 4.1, 4.2, 4.3 மூன்றிலும் கிராஃபிக்ஸ் எஞ்சினின் எண் மாறியது. ராக், எஸ்விஜிலைட், கெய்ரோ போன்ற டிவைஸ் (படத்தைக் கோப்பாக்கும்) பேக்கேஜ்களைப் புதிய ஆர்-இல் மறுபடி நிறுவுங்கள். இந்தப் பிழைக்காக ஜிஜிபிளாட்2-ஐத் தொட வேண்டாம்.

கே: திரை இல்லாத சர்வரில் முப்பரிமாணப் படங்களுக்கான ஆர்ஜிஎல் பேக்கேஜ் ஓடுமா?

ஓடும். பேக்கேஜை ஏற்றுவதற்கு முன்பே ‘ஆர்ஜிஎல்.யூஸ்நல்’ ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்கள், படத்தை ஆர்ஜிஎல்விட்ஜெட்டில் பாருங்கள். மேக்ஓஎஸ்-ஐப் புதுப்பித்தபின் ஆர்ஜிஎல் ஏறவில்லை என்ற மேக் வாசகருக்கு: மேக்ஓஎஸ்-இன் பெரிய பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் ஆர்ஜிஎல் சாளரம் திறக்கத் தேவையான எக்ஸ்குவார்ட்ஸ் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டும்.

கே: பிடிஎஃப் வரைபடத்தில் ‘கொ’, ‘கோ’ எல்லாம் சிதறுகின்றன. எந்த லைப்ரரி மோதுகிறது?

எதுவும் மோதவில்லை. ஆர்-இன் வழக்கமான பிடிஎஃப் டிவைஸுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. லினக்ஸில் கெய்ரோ_பிடிஎஃப் பயன்படுத்துங்கள். பாங்கோ என்ற லைப்ரரி அதைப் பார்த்துக்கொள்ளும். பிஎன்ஜி போதும் என்றால் ராக்-இன் ஏஜிஜி_பிஎன்ஜி. எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.